நல்லாத்தானே இருக்கே?

ஊட்டிக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பும் வழக்கம் நமக்கு இல்லை. வர்க்கி, டீத்தூள், நீலகிரித் தைலம் எல்லாம் பையில் ஏறியபிறகும் மனசு ஆறாமல், நர்சரியில் ஒரு தொட்டிச் செடியும் வாங்கினேன். ஜெரேனியம். வட்ட வட்டமாக இலை, நடுவில் கறுப்பு வளையம், உச்சியில் கொத்தாகச் சிவப்புப் பூ. இலையைக் கசக்கினால் ஒரு வாசனை வரும் பாருங்கள், அதற்கே காசு கொடுக்கலாம். நீலகிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க அதைக் காலடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து பெர்த்காரர் செருப்பு பட்டுவிடுமோ என்று தூங்காமல் கொண்டுவந்தேன்.

சேலையூரில் எங்கள் வீட்டுக் கிழக்கு பால்கனி அதற்காகக் காலி செய்யப்பட்டது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பச்சை வலை வாங்கிக் கட்டினேன். காலையில் தண்ணீர், சாயங்காலம் தண்ணீர், மத்தியானம் ஈரச் சாக்கு. ஒரு நாள் ஐஸ்கூட வைத்தேன், சிரிக்காதீர்கள். அக்னி நட்சத்திரத்தின் இரண்டாவது வாரம், வெந்த கீரை மாதிரித் தொங்கிவிட்டது.

அதே சமயம், கீழே குழாயடியில் காம்பவுண்டுச் சுவருக்கும் சிமென்ட் தரைக்கும் நடுவே ஒரு விரிசல். அதில் ஒரு நித்யகல்யாணி. யாரும் வைத்ததில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. ஸ்கூட்டர் ஸ்டாண்டு இரண்டு தடவை அதன் கிளையை முறித்திருக்கிறது. அந்த மே மாத வெயிலில் பதினேழு பூ பூத்திருந்தது. எண்ணிப் பார்த்தது நானில்லை, என் மனைவி.

"அதுக்குப் பட்ட பாட்டுல பத்துல ஒரு பங்கு இதுக்குப் பட்டிருந்தா இந்நேரம் வாசல் பூராத் தோட்டமா இருக்குங்க" என்றாள்.

"இதுக்கு என்ன பாடுபடணும்? இது தன்னால வருது" என்றேன்.

இந்த வாரம் உங்களோடு பேச நினைப்பது, வாய் தவறி வந்த அந்தப் பதிலைப் பற்றித்தான்.

முதலில் ஜெரேனியத்துக்கு ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்துத் தோட்டக்காரர்களிடம் கேட்டால் ஜெரேனியம் எதையும் தாங்கும் செடி என்பார்கள். பனி கொட்டும், மண் உறையும், மேலே இருக்கிற இலையெல்லாம் கருகிப்போகும். வசந்தம் வந்தால் அடிவேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கும். 'ரோசேன்' என்றொரு நீலப்பூ ஜெரேனியத்துக்கு 2013இல் செல்சீ மலர்க்காட்சியின் நூற்றாண்டுச் செடி என்ற பட்டமே கொடுத்தார்கள். ஊட்டியில் நமக்கு விற்கிறார்களே, அது உண்மையில் அந்த ஜாதி இல்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒன்றுவிட்ட சகோதரி, பெலார்கோனியம். 1789இலேயே லெரிட்டியே என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார். ஜனங்கள் இன்னும் பழைய பெயரை விடவில்லை. பெயர் விஷயத்தில் ஜனங்களோடு சண்டை போட்டு ஜெயித்த விஞ்ஞானி யாரும் இல்லை.

பனியைத் தாங்குகிற அந்த வீரச் செடியைத் தாம்பரத்தில் வைத்தால் என்ன ஆகும்? இதேதான் ஆகும். குளிரைத் தாங்கும், ராத்திரி பதினோரு மணிக்கும் குறையாத புழுக்கத்தைத் தாங்காது. இத்தனைக்கும் நம் தாம்பரம் காற்று ஒரு காலத்தில் மருந்தாக மதிக்கப்பட்ட காற்று. இங்கிலாந்தில் காசநோய் சானடோரியம் நடத்திய டாக்டர் சௌரி முத்து, 1928இல் இங்கே வந்து ஒன்றைத் திறந்தார். ரயில்வே ஸ்டேஷன் பெயரே இன்றைக்கும் தாம்பரம் சானடோரியம். மனுஷ நுரையீரலுக்கு நல்லது என்று தேடி வந்த அதே இடம் என் ஜெரேனியத்தைக் கொன்றுவிட்டது.

ஆக, 'தாங்கும்' என்பது பாதி வாக்கியம். எதைத் தாங்கும், எங்கே தாங்கும் என்பது மீதிப் பாதி. நாம் அந்த மீதிப் பாதியைச் சொல்வதே இல்லை.

நித்யகல்யாணிக்கு வருவோம். மடகாஸ்கர் தீவில் பிறந்து, கப்பலேறி, வெயில் அடிக்கிற ஊர் எல்லாம் போய் ஒட்டிக்கொண்ட செடி. ஆடு மாடு வாய் வைக்காது, கசப்பு, விஷமும்கூட. தென் மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிரிடுகிறார்கள். நம் ஊரில் அதற்கு இன்னொரு பெயர், சுடுகாட்டு மல்லி. கல்லறை ஓரம், மயான ஓரம், யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்திலெல்லாம் பூத்ததால் வந்த பெயர். சில வீடுகளில் அதைச் சாமிக்கு வைக்க மாட்டார்கள். விசித்திரத்தைப் பாருங்கள். யாரும் கவனிக்காத இடத்தில் பூத்தது அதன் பெருமை. அந்தப் பெருமையையே அதற்கு இழுக்காக ஆக்கிவிட்டோம்.

இந்த இடத்தில் "சார், அதுலேருந்துதானே கேன்சர் மருந்து?" என்று உங்களில் பலர் கேட்பது காதில் விழுகிறது. ஆமாம். அந்தக் கதையும் சுவாரஸ்யமானதுதான். கனடாவில் கிளார்க் நோபிள் என்றொரு டாக்டர். 1921இல் இன்சுலின் ஆராய்ச்சியில் பான்டிங்குக்கு முதல் உதவியாளராகப் போவது யார் என்று நண்பர் பெஸ்ட்டோடு நாணயம் சுண்டிப் பார்த்து, தோற்றவர் என்று சொல்வார்கள். 1952இல் ஜமைக்காவிலிருந்து ஒரு நோயாளி அவருக்கு ஓர் உறையில் நித்யகல்யாணி இலைகளை அனுப்பி, 'இங்கே சர்க்கரை வியாதிக்கு இதைத்தான் கஷாயம் போட்டுக் குடிக்கிறார்கள்' என்று எழுதினார். நோபிள் அதைத் தன் தம்பி ராபர்ட்டிடம் தள்ளிவிட்டார். ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை ஒன்றும் பெரிதாக இறங்கவில்லை. ஆனால், எலிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரசரவென்று குறைந்தன. வெள்ளை அணு தாறுமாறாகப் பெருகுகிற வியாதிதானே லுகேமியா! 1958இல் வின்பிளாஸ்டின் வந்தது. அமெரிக்காவில் இலை லில்லி கம்பெனியும் அதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தது. 1963இல் வின்கிறிஸ்டின் மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மற்ற மருந்துகளோடு சேர்த்து இன்றைக்கும் அதைக் கொடுக்கிறார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் இலையைப் பறித்து வாயில் போட்டுவிடாதீர்கள். மருந்தாலையில் பிரித்தெடுத்து அளந்து கொடுத்தால்தான் மருந்து. குழாயடியில் அது விஷச்செடி.)

ஆனால், நான் இந்தக் கதையைச் சொல்லத் தயங்கினேன். ஏன் தெரியுமா? இதைக் கேட்டவுடன் "அடடா, இவ்வளவு உசத்தியான செடியா!" என்று நாம் அதற்குத் தண்ணீர் ஊற்றக் கிளம்பிவிடுவோம். அப்படியானால் தண்ணீர் செடிக்கா, மருந்துக்கா? 1952க்கு முன்னாடி அது அதே செடிதான். பயன் தெரிந்தபிறகு வருகிற மரியாதைக்கு வியாபாரம் என்று பெயர். வியாபாரம் தப்பில்லை. ஆனால், நான் கேட்கிற கேள்வி வேறு. தனக்கென்று எதுவும் கேட்காத ஒன்றுக்கு, ஒருத்தருக்கு, நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா?

'அழுத பிள்ளைக்குத்தான் பால்' என்கிறோம். பழமொழி உலக நடப்பைச் சொல்கிறது. அது நியாயம் என்று எங்கேயும் சொல்லவில்லை. நாம்தான் அதை நியாயமாக எடுத்துக்கொண்டுவிட்டோம். எந்த வீட்டிலும் பாருங்கள், சாப்பாடு சரியில்லை என்று தட்டைத் தள்ளுகிறவனுக்குத்தான் அப்பளம் பொரிக்கப்படும். எந்த ஆபீஸிலும் பாருங்கள், முடியாது என்று முணுமுணுக்காதவர் மேஜையில்தான் ஃபைல் சேரும். கேட்டால், "அவர் சமாளிச்சுப்பார்." இதைப் பாராட்டாகத்தான் சொல்கிறோம். யாரையும் கழற்றிவிட இதைவிட மரியாதையான வழி கிடையாது.

இதற்கு ஒரு பதில் உண்டு, அதையும் கேட்டுவிட வேண்டும். நமக்கு இருக்கிற நேரம் கொஞ்சம், காசு கொஞ்சம், தெம்பு கொஞ்சம். யாருக்குத் தேவை அதிகமோ அவருக்குத்தானே கொடுக்க வேண்டும்? ஆஸ்பத்திரியில் ரத்தம் ஒழுக வருகிறவரை முதலில் பார்க்கிறார்களே, அது மாதிரி. சரியான வாதம்தான். ஆனால் ரத்தம் கண்ணுக்குத் தெரியும். தேவை அப்படித் தெரிவதில்லை. சத்தம்தான் தெரிகிறது. சத்தத்தையே தேவை என்று நாம் கணக்கெழுதிக்கொள்கிறோம்.

எவ்வளவு பிசகான கணக்கு என்பதற்கு அமர்த்தியா சென் ஒரு உதாரணம் காட்டுவார். வங்காளப் பஞ்சத்துக்கு அடுத்த வருஷம், 1944. கல்கத்தா பக்கத்தில் சிங்கூரில் ஒரு சுகாதார ஆய்வு எடுத்தார்கள். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவிகிதம் பேர் தங்களுக்கு உடம்பு சரியில்லை, அல்லது சுமார்தான் என்று சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் எத்தனை சதவிகிதம்? 2.5. பஞ்சம் முடிந்த கையோடு, விதவைகளின் வாழ்க்கை அந்தக் காலத்தில் இருந்த லட்சணத்தில், அவர்களுக்கு நோயே இல்லை என்று யாராவது நம்ப முடியுமா? அதிலும், 'சுமார்' என்று மட்டும் சொன்னவர்களைத் தனியாக எண்ணினால், ஆண்களில் 45.6 சதவிகிதம், பெண்களில் ஒருத்திகூட இல்லை. 'எனக்கு உடம்பு சுமாராத்தான் இருக்கு' என்று சொல்வதற்கே, நன்றாக இருக்க நமக்கும் உரிமை உண்டு என்ற நினைப்பு வேண்டும். அது இல்லாதவர்கள் எல்லாரும் நல்லாத்தான் இருப்பார்கள்.

இந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு முடிச்சூரில் இருக்கிற என் அக்கா ஞாபகம்தான் வந்தது.

2015 டிசம்பர் 1 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மறுநாள் காலை வரைக்கும் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. அடையாற்றின் தலைமாட்டில் இருக்கிற முடிச்சூர், வரதராஜபுரமெல்லாம் மூழ்கிக்கொண்டிருந்தது. சேலையூர் கொஞ்சம் மேடு, தப்பித்தோம். வேளச்சேரியிலிருந்து என் தம்பி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் பண்ணிக் கத்திக்கொண்டிருந்தான். நடுவில் அக்காவுக்கு நான் போட்டேன்.

"எப்படிக்கா இருக்கே? நல்லாத்தானே இருக்கே?"

"எங்களுக்கென்ன, பக்கத்து வீட்டு மாடிக்கு வந்துட்டோம். நீ தம்பியப் பாருடா. அவன் பயந்தாங்கொள்ளி."

அதோடு டவர் போய்விட்டது. தம்பியைப் போய்ப் பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் அவனையும் குழந்தைகளையும் கூட்டிவந்து சேர்க்க ஒரு பகல் முழுக்க ஆனது. அக்காவைப் பற்றிக் கவலைப்பட்டேனா என்றால், உங்களிடம் பொய் சொல்லக்கூடாது, அவ்வளவாக இல்லை. அக்கா சமாளித்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

மூன்றாம் நாள் போனபோதுதான் தெரிந்தது. அவர்கள் இரண்டு ராத்திரி அந்த மொட்டைமாடியில், தண்ணீர் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாமாவுக்கு இன்சுலின் ஊசி. மருந்து ஃப்ரிட்ஜோடு முங்கிவிட்டது. ஊசியில்லாமல் அவர் மயக்கமாகிக் கிடந்திருக்கிறார். கடைசியில் தெருப் பையன்கள்தான் கதவுப் பலகையில் படுக்க வைத்து மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். பிழைத்துவிட்டார். அது எங்கள் அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் இல்லை.

"ஏன்க்கா போன்ல சொல்லல?" என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். தப்பு செய்தவனுக்குத்தானே கோபம் முதலில் வரும்.

அக்கா சேறு வழித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்: "நீ எப்பக் கேட்டாலும் 'நல்லாத்தானே இருக்கே'ன்னுதான்டா கேப்பே. அதுக்கு என்ன பதில் சொல்றது?"

கேள்வியிலேயே பதிலை வைத்துத்தான் இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு வீட்டில் யாரையாவது நீங்கள் எப்படி விசாரித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். 'சாப்டாச்சில்ல?' 'பிரச்னை ஒண்ணுமில்லையே?' 'மாத்திரை போட்டுட்டேல்ல?' எல்லாமே 'ஆமாம்' என்று சொல்லவைத்து அடுத்த வேலைக்குப் போவதற்கான கேள்விகள்.

அந்த வெள்ளத்தில் எங்கள் குழாயடியிலும் ஒரு வாரம் தண்ணீர் நின்றது. வெயிலில் பதினேழு பூ பூக்கிற செடி, தண்ணீர் வடிந்த நாலாவது நாள் சட்டென்று தலை தொங்கி, அப்படியே கருகியது. நித்யகல்யாணிக்கு வறட்சி ஒரு பொருட்டில்லை. வேரில் தண்ணீர் நின்றால் போச்சு, அழுகிவிடும். இத்தனை வருஷமும் வாசலில் இருந்த செடியைப் பற்றி அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியம் இருக்கவில்லை. அது செத்ததையே பொங்கல் சமயத்தில் அதே விரிசலில் இரண்டு சின்னக் கன்று தலைகாட்டியபோதுதான் சரியாகக் கவனித்தேன். காய் வெடித்து விழுந்த விதை. அப்போது ஒரு சந்தேகம் வந்தது. பத்து வருஷமாக ஒரே செடி பூக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, நடுவில் எத்தனை செடி செத்து, எத்தனை செடி அந்த இடத்துக்கு வந்ததோ? 'நித்ய' என்ற பெயரே நம் அசிரத்தைக்கு நாம் வைத்த கௌரவமான பெயரோ என்னவோ.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று முடித்தால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. நடந்தது அதுவல்ல. குற்ற உணர்ச்சி வந்தவன் செய்கிற முதல் காரியம் என்ன? ஊற்றித் தள்ளுவதுதான். அந்தக் கன்றுகளில் ஒன்றைத் தொட்டிக்கு மாற்றி, ஜெரேனியத்துக்குச் செய்த எல்லா உபசாரமும் செய்தேன். காலையில் தண்ணீர், சாயங்காலம் தண்ணீர். ஒரு மாசத்தில் அதுவும் அழுகியது. விரிசலில் விட்ட இன்னொன்று பூத்தது.

அக்காவையும் விடவில்லை. மாமா காலமானபிறகு, "நீ தனியா இருக்கக்கூடாது" என்று கையோடு சேலையூருக்குக் கூட்டிவந்தேன். தனி அறை, டிவி, வேளாவேளைக்குக் காபி. அடுப்படிப் பக்கம் விடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "எனக்கு இங்க கால் தரையில படலடா" என்றாள். எனக்கு மனசு சுருங்கிவிட்டது. இவ்வளவு செய்தும் திருப்தியில்லையே என்று. அப்புறம் யோசித்தால், செய்ததெல்லாம் என் திருப்திக்குத்தான். அவளுக்கு என்ன வேண்டும் என்று முன்னாலும் கேட்கவில்லை; இப்போதும் கேட்கவில்லை. முன்னால் 'ஒன்றும் வேண்டாம்' என்று நானே முடிவு பண்ணினேன். இப்போது 'எல்லாம் வேண்டும்' என்று நானே முடிவு பண்ணியிருக்கிறேன்.

கேட்டால் மட்டும் சொல்லிவிடுவார்களா என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டார்கள். அறுபது வருஷப் பழக்கம் ஒரு கேள்வியில் போகாது. அதனால்தான் இது தண்ணீர் ஊற்றுவதைவிடக் கஷ்டமான வேலை. பக்கத்தில் உட்கார வேண்டும். பார்க்க வேண்டும். எந்த இலை எந்த நேரத்தில் சுருங்குகிறது என்று பார்க்கிற மாதிரி, எந்தப் பேச்சில் குரல் இறங்குகிறது, எந்தப் படியில் கால் தயங்குகிறது என்று. இதற்கெல்லாம் நேரம் எங்கே என்றால், என்னிடம் பதில் இல்லை. ஜெரேனியத்துக்கு ஐஸ் வைக்க நேரம் இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் முடிச்சூர் போகிறேன். எதுவும் வாங்கிக்கொண்டு போவதில்லை. அவள் செய்கிற உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவோம். போன வாரம் பேசிக்கொண்டே பாத்ரூமுக்குள் போனவள், உள்ளே காலை வைக்குமுன் இடது கையைச் சுவரில் ஊன்றினாள். அந்த இடத்தில் சுவர் அழுக்கேறிக் கறுத்திருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் ஊன்றிய கறுப்பு இல்லை அது, வருஷக்கணக்காக ஊன்றியது.

"பிடிச்சுக்க ஒரு கம்பி போட்டா நல்லா இருக்குமாக்கா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டடி போதும்டா, பெருசா வாங்கிடாதே" என்றாள்.

தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கினேன். துருப்பிடிக்காதது, இரண்டடி, நாலு ஸ்க்ரூ. இந்த ஞாயிறு டிரில்லோடு ஆள் வருகிறார்.